ரிப்பேர்: நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா?

நம்பிக்கை: சின்ன வேலை என்றால் நாமே செய்யலாம், பெரிய வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

உண்மை: வேலையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள். குழாய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட் வால்வை மூடி, பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரை வடியவிட்டு, ஸ்பிண்டிலை ஸ்பானரால் கழற்றினால் அடியில் வாஷர் தெரியும். ரப்பர் கல்லாக இறுகி, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதை ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினால் அதே அளவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். தப்பாக மாட்டினால் மறுபடி சொட்டும், மறுபடி கழற்றலாம், அவ்வளவுதான். ஆனால் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். டைல்ஸை உடைத்த பிறகு கூப்பிட்டால் செலவு இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு ஃபேனில் கை வைக்கலாம்.

உண்மை: ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம். சீலிங் ஃபேனுக்கு வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட் போடுவார்கள். அதிக விலை இல்லாத பொருள். மாற்றுவதும் லேசுதான், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்விட்ச் வழியாக ஃபேஸ் போக வேண்டும். பல வீடுகளில் வயரிங் செய்தவர் நியூட்ரலை அதில் கொடுத்திருப்பார். அப்படியானால் ஸ்விட்சை அணைத்தாலும் ஃபேனில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை இறக்கிவிட்டால் போதும் என்பீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் போதாது. மெயின் இறங்கிய அடுத்த நொடியே இன்வெர்ட்டர் ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள வேறொரு இடத்தில் முன்பே பார்த்துவைத்து, பிறகு ஃபேன் வயரில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் மட்டும் ஏணியில் ஏறட்டும். மற்றவர்கள் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுப்பதே சரி.

நம்பிக்கை: எம்.சி.பி. இருக்கும் வீட்டில் ஷாக் அடித்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

உண்மை: எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டுக்கும்தான் அது விழும். மனிதரைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும், அது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அந்தக் கசிவைக் கண்டு லைனைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இல்லையென்றால், ஆள் வைத்துச் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

நம்பிக்கை: கேஸ் கசிவைத் தீக்குச்சி காட்டிக் கண்டுபிடிக்கலாம்.

உண்மை: கூடவே கூடாது. சோப்பு நுரை போதும். வாசனை பலமாக இருந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: ஏ.சி.க்கு வருடம் ஒருமுறை கேஸ் ஏற்ற வேண்டும்.

உண்மை: வீண் செலவு. ஏ.சி.யில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். குளிர் குறையப் பல சமயம் ஃபில்டரில் படிந்த தூசிதான் காரணம். அதைக் கழற்றித் தண்ணீரில் அலசி உலர்த்தி மாட்ட ஆள் தேவையில்லை. மாடிக்கு வெளியே சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.

நம்பிக்கை: காசு கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது.

உண்மை: இந்த எண்ணம்தான் எனக்கு அதிக வேதனை தருவது. செப்டிக் டேங்க் நிறைந்ததும் தெருவில் யாரையாவது கூப்பிட்டு இறங்கச் சொல்கிறோம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அடர்த்தி கூடினால் அதன் நாற்றம்கூட மூக்குக்குத் தெரியாமல் போகும். தூக்கப் போகிறவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 14420-ஐ அழைத்து உறிஞ்சும் லாரி வரவழையுங்கள். வந்தவர், ‘நானே இறங்கிப் பார்க்கிறேன் சார்’ என்று சொன்னாலும் விடாதீர்கள்.