மூளைக்குள் மின்முனை: நடுக்குவாதத்துக்கு எப்போது கைகொடுக்கும்?

அருப்புக்கோட்டையில் தறி நெய்கிற ஒருவருக்குப் பாவில் அறுந்த இழையை முடிபோட முன்பைவிட ரெண்டு மடங்கு நேரம் ஆகுது. திருச்சுழிப் பக்கம் மிளகாய் பறிக்கிற ஒரு அம்மாவுக்கு ஒரு கை மட்டும் மந்தமாகுது. நடக்கும்போது அந்தக் கை வீசுவதில்லை, மடியில் சும்மா கிடக்கும்போது விரல்கள் உருட்டுற மாதிரி ஆடுது. "வயசாயிருச்சு, அதான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். ஆனால் இவை பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை. காபி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை ஆடினால் அது பெரும்பாலும் வேறு வகை. எது என்று நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மூளையில் டோபமைன் என்கிற வேதிப்பொருள் குறைவதால் வருவது பார்க்கின்சன். அதை ஈடுகட்ட லெவோடோபா மாத்திரை தருகிறார்கள். முதல் சில வருடங்கள் நன்றாகவே கேட்கும். பிறகு ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை தாங்காது. காலை பத்து மணிக்கு நன்றாக நடந்தவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்திரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். மாத்திரையைக் கூட்டினால் உடம்பு தன்னாலே நெளிய ஆரம்பிக்கும். இந்தக் கட்டத்தில்தான் 'ஆழ்மூளைத் தூண்டல்' சிகிச்சை பற்றிப் பேச்சு வரும்.

மூளையின் ஆழத்தில் பட்டாணி அளவே உள்ள ஒரு பகுதிக்குள் மெல்லிய கம்பி போன்ற மின்முனையைச் செலுத்துகிறார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பேட்டரி பெட்டி. அதிலிருந்து வினாடிக்குச் சுமார் 130 முறை சின்ன மின்துடிப்பு போகும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால், பலருக்கு விழித்திருக்கும்போதே பேசவைத்து, கையை ஆட்டவைத்து இடத்தைச் சரிபார்க்கிறார்கள். இன்றைய முறை 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் டாக்டர் பெனாபிட் தொடங்கியது. ஆனால் 1975லேயே இந்தியாவில் மூளைக்குள் நீண்டகால மின்முனை பொருத்தியவர் நம்ம சென்னை அரசு பொது மருத்துவமனையின் டாக்டர் டி.எஸ். கனகா, நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர். இதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை!

இது நோயைத் தீர்ப்பதில்லை. ஒரு விதியை மனசில் வையுங்க: மாத்திரை வேலை செய்கிற நல்ல நேரத்தில் எது சரியாகிறதோ, அதையே இந்தக் கருவி நாள் முழுக்க நீட்டித்துத் தரும். மாத்திரைக்கு அசையாத தள்ளாட்டமோ பேச்சுக் குழறலோ இதற்கும் பெரும்பாலும் அசையாது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. ஞாபகமறதி அதிகமானவர்களுக்கும், லெவோடோபாவே கேட்காதவர்களுக்கும் இது பொருந்தாது. மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகள் குறைவு, ஆனால் உண்டு. கருவிக்கே பல லட்சம் ஆகும். எனவே 'எவ்வளவு செலவு' என்று கேட்பதற்கு முன் 'இவருக்குப் பொருந்துமா' என்று கேளுங்க.

அதைத் தீர்மானிக்க மருத்துவருக்குப் பெரிய உதவி உங்க செல்போன்தான். வெளிநோயாளி பிரிவில் அவர் பார்க்கிற சில நிமிடம் நல்ல நேரமாகவே அமைந்துவிடலாம். அதனால் மூன்று நாளுக்கு, மாத்திரை போட்ட நேரம், பலன் தொடங்கிய நேரம், தீர்ந்த நேரம் மூன்றையும் குறித்து வையுங்க. நல்ல நேரத்தில் ஒரு நிமிட வீடியோ, மோசமான நேரத்தில் ஒன்று: நாற்காலியிலிருந்து எழுவது, பத்தடி நடந்து திரும்புவது, விரலைத் தட்டுவது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை அல்லது அதற்கு மேல் மாத்திரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொந்தரவான நெளிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்ட சிகிச்சை பற்றிக் கேட்கும் நேரம் வந்துவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப்பொடி வாங்கிச் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்க. அதில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கு, அளவு கூடிவிடும். எந்த மாத்திரையையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீங்க.

முதலில் அருப்புக்கோட்டை அல்லது திருச்சுழி அரசு மருத்துவமனையில் காட்டி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்க. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை வசதி உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, எந்த மருத்துவமனையில் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்க. அறுவைக்குத் தேதி வாங்குமுன் முன் அனுமதி வந்ததா என்று பாருங்க. பார்க்கின்சன், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கருவி வைத்தவுடன் வேலை முடிவதில்லை. மின்னளவைச் சரிசெய்யவே முதல் சில மாதங்களில் பல தடவை போகணும். பேருந்துச் செலவையும் கூட ஒரு ஆள் வருவதையும் கணக்கில் சேருங்க. சாதாரண பேட்டரியைச் சில வருடங்களில் மாற்றணும். கருவி அட்டை எப்பவும் சட்டைப்பையில் இருக்கட்டும். மூட்டுவலிக்கு இயன்முறை சிகிச்சைக்குப் போனால், டயாதெர்மி என்கிற மின்சூட்டு சிகிச்சை கூடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிடுங்க. அது கம்பி வழியாக மூளையைச் சுட்டுவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் அந்த அட்டையைக் காட்டாமல் படுக்காதீங்க.