பாட்டு வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

பிள்ளையைப் பாட்டில் சேர்க்கலாம் என்று பேச்செடுத்தால் புதுக்கோட்டை மாவட்டத்து எங்கள் ஊர் அரிமளத்தில் முதலில் வரும் கேள்வி, “மாசம் எவ்வளவு?” நானும் அதைத்தான் கேட்டேன். மகளை மூன்று வருஷம் அனுப்பியதில் தெரிந்துகொண்டவை இவை.

1. மாதக் கட்டணத்தை நிமிஷக் கணக்காக்கிப் பாருங்கள். மாதம் 800 ரூபாய், எட்டு வகுப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 100 ரூபாய் ஆகிறது. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் உங்கள் பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பது 11 நிமிஷம். அதனால் குழு வகுப்பு வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் வரைக்கும் கூட்டமாகப் பாடுவதுதான் நல்லது. வெட்கம் போகும், தாளமும் பிடிபடும். வர்ணம் தொடங்கும்போது தனி வகுப்புக்கு மாறினால் போதும்.

2. பணம் பாடத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பாடம் இன்று யூடியூபிலேயே கிடைக்கிறது. நாம் காசு கொடுப்பது ஆசிரியரின் காதுக்கு. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் வரும். அதில் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும். காந்தாரம் நன்றாகத் தள்ளி மேலே இருக்கும். என் மகள் அந்த ரிஷபத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூக்கிவிடுவாள். வீட்டில் பத்து நாள் கேட்டும் எங்கள் யார் காதுக்கும் அது எட்டவில்லை, “அழகாப் பாடுறா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பில் அவள் “ஸ ரி” என்றதுமே டீச்சரின் விரல் தொடையில் நின்றுவிட்டது. “இறக்கு. இன்னும் இறக்கு. ம், அங்கேயே நில்லு.” அரை நிமிஷம்தான். அந்த மாதம் கட்டிய பணம் அதற்கே சரியாகிவிட்டது. சேர்க்கும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகளை நிறுத்தித் திருத்துகிறாரா, அடுத்த பாட்டுக்குத் தாவுகிறாரா என்று கவனியுங்கள்.

3. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு என்றால் மிச்சம் ஐந்து நாள் உங்கள் பொறுப்பு. தினம் இருபது நிமிஷச் சாதகம் இல்லாவிட்டால் ஆசிரியர் போன வாரப் பாடத்தையே மறுபடி சொல்லித்தர வேண்டிவரும். ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறோம் என்று அர்த்தம். காலையில் பல் தேய்த்த கையோடு உட்கார வைத்துவிடுங்கள். மாலையில் டியூஷன் விழுங்கிவிடும். சுருதிப்பெட்டி வாங்க அவசரம் வேண்டாம், கைபேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன. பிள்ளையின் சுருதி எத்தனை கட்டை என்று ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

4. அரசு வழியையும் விசாரியுங்கள். புதுக்கோட்டை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் உண்டு. மூன்று வருஷப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பகல் வகுப்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தோதுப்படாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தின் வார விடுமுறை வகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

5. புதுக்கோட்டைக்குப் போய்வருவதென்றால் பஸ் கட்டணத்தோடு அம்மாவின் அரை நாளையும் செலவில் எழுதுங்கள். அதை எந்த வீட்டிலும் எழுதுவதில்லை!

6. வாத்தியத்தை முதல் நாளே வாங்காதீர்கள். ஆசையாக நான் வாங்கிய கீபோர்டு பீரோ மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. வயலினில் சின்னப் பிள்ளைக்கு அரை அளவு, முக்கால் அளவு என்று உண்டு. பிள்ளை வளர வளர மாற்றவேண்டும் என்பதால் பழையதே போதும். மிருதங்கம் வாங்கும் விலையோடு நிற்காது. வலந்தலையின் தோல் தேயும், கரணை உதிரும்; மாற்றுக் கூலி அவ்வப்போது வரும். வாசித்து முடித்ததும் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ஒட்டிய ரவையை வழித்துத் துடைக்கப் பழக்குங்கள், தோல் கூட நாள் உழைக்கும்.

7. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதைப் பெரும் புகழுக்கு உயர்த்தினார். நம் மண்ணின் வாத்தியம் என்று யாராவது உடும்புத்தோல் கஞ்சிராவை நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு காக்கப்பட்ட உயிரினம். ஆட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ வாங்கலாம்.

8. ஆன்லைன் வகுப்பில் பஸ் செலவு மிச்சம். ஆனால் குரல் ஒரு கணம் பிந்தி வருவதால் ஆசிரியரோடு சேர்ந்து பாட முடியாது. தாளம் கற்க ஆரம்பிக்கும் பிள்ளைக்கு அது சிரமம். கீர்த்தனை வரை வந்தவர்களுக்குச் சரிப்படும்.

9. கீபோர்டு, கிடார் வகுப்புகளில் லண்டன் டிரினிட்டி தேர்வு பற்றிச் சொல்வார்கள். எட்டு கிரேடு, மேலே போகப் போகத் தேர்வுக் கட்டணமும் ஏறும், மாதச் சம்பளத்தில் அது சேராது. சான்றிதழ் பிள்ளைக்கு வேண்டுமா, நமக்கு வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கட்டுங்கள்.

10. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கில் குரல் உடையும். “பாட்டு வரல, காசு வீண்” என்று நிறுத்திவிடாதீர்கள். கட்டையை மாற்றச் சொல்லலாம், கொஞ்ச நாள் வாத்தியம் பக்கம் திருப்பலாம்.

11. விடுப்பு எடுத்தால் ஈடு வகுப்பு உண்டா, மே மாதச் சம்பளம் உண்டா என்பதைச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். பாதியில் பேரம் பேச வேண்டாம். மாதச் சம்பளத்தை ஜிபேயில் போடலாம். விஜயதசமியன்று மட்டும் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துப் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

12. நிறுத்துவதென்றாலும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பி முடிக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். நாங்கள் போனபோது டீச்சர், “கடைசியா ஒரு தடவை பாடிட்டுப் போ” என்றார். மகள் மாயாமாளவகௌளையில் தொடங்கினாள். ரிஷபம் சரியாக நின்றது.