பிறப்பை அறிவிப்பவர் யார்? ஆபுத்திரன், கர்ணன் கதைகளும் கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி மகவேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

மகவேற்பில் வந்த பிள்ளை தான் பிறந்த நாட்டிலேயே வளரும்பொழுது அதன் பிறப்புச் செய்தி எவர் வாயிலிருந்தும் எந்நேரத்திலும் வெளிப்படலாம். அச்செய்தியை யார் அறிவிக்கிறார் என்பதைப் பொறுத்தே வளர்த்தவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு நிலைக்கிறது அல்லது முறிகிறது என்பதை மணிமேகலையின் ஆபுத்திரன் கதை, பாரதத்தின் கர்ணன் கதை ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் கூத்து மரபும், இன்றைய மகவேற்புச் சட்டமும் உடன்வைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மகவேற்பு, செவிலி, ஆபுத்திரன், அமரசுந்தரி, இராதேயன், கர்ண மோட்சம், தொட்டில் குழந்தைத் திட்டம்.

இரு தாயர்

ஈன்ற தாயையும் வளர்த்த தாயையும் வேறு வேறு சொற்களால் சுட்டும் வழக்கம் தமிழ் அகமரபில் தொன்றுதொட்டு உண்டு. நற்றாய், செவிலி என்னும் இருவரும் தொல்காப்பியத்தில் கூற்று நிகழ்த்தும் உரிமை பெற்றவர்கள். தலைவி உடன்போக்கில் சென்றபின் இருவருமே புலம்புகின்றனர். இவ்விருவரும் ஒரே மனையில், ஒருவரையொருவர் அறிந்தவர்களாக வாழ்வதால் அங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. செவிலியை மகவேற்புத் தாய்க்கு முன்மாதிரியாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நற்றாய் மனையில் இல்லாதபோது, அவள் யாரென்பதே தெரியாதபோது, செவிலி என்னும் சொல் அந்நிலையைச் சுட்டப் போதுமானதன்று. தத்து, சுவீகாரம் ஆகிய வடசொற்கள் சட்டவழியாக வந்தவை. அவை பிள்ளை கைமாறுவதைச் சொல்கின்றன, பிறப்பு என்னவாயிற்று என்பதைச் சொல்வதில்லை.

ஆபுத்திரனின் இரு பிறவிகள்

பிறப்பு மறைந்த பிள்ளையின் கதையைத் தமிழில் விரிவாகக் கூறும் பழைய நூல் மணிமேகலை. வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகனின் மனைவி சாலி, ஒழுக்கம் பிறழ்ந்து, குமரியாடச் செல்லும் வழியில் தென்னாட்டில் ஆண்மகவை ஈன்று ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் ஆவொன்று பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி என்னும் அந்தணன் அம்மகவைக் கண்டெடுத்துத் தன் மகனாக வளர்த்து வேதம் பயிற்றுகிறான். பிள்ளைக்குப் பிறந்த நாடும் வளர்ந்த நாடும் ஒன்றே; ஈன்றவள்தான் அயல்நாட்டவள். பிறந்த மண் என்பது பெற்றோரின் மண்ணாகவே இருக்க வேண்டும் என்னும் பொதுக்கருத்து இங்கேயே ஆட்டங்காண்கிறது.

வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் விடுவித்துச் செல்லும்பொழுது பூசல் எழுகிறது. சாலியைக் குமரித்துறையில் கண்டு அவள் கதையைக் கேட்டிருந்த ஒருவன் அவ்வவையில் அவனது பிறப்பை உரைக்கிறான். கேட்டறியும் நோக்கில் அன்று. வாதத்தில் வீழ்த்தும் நோக்கிலேயே அது சொல்லப்படுகிறது. முனிவர் சிலரின் பிறப்பை எடுத்துக்காட்டி ஆபுத்திரன் நகைத்து மறுமொழி கூறுகிறான். சொல்லாடலில் அவன் தோற்கவில்லை. ஆனால் வளர்த்த இளம்பூதி அவனைக் கைவிடுகிறான். ஊரார் அவன் ஓட்டில் கல்லை இடுகின்றனர். அவன் மதுரைக்குப் போய்ச் சிந்தாதேவி கோயிலில் தங்குகிறான். அமுதசுரபி வரலாற்றின் முன்னுரையாக மட்டும் இப்பகுதியைப் படித்துவிட்டுக் கடந்துபோவது ஆய்வுலகின் வழக்கம். அங்கே ஒரு தந்தை தன் மகனை விட்டுவிட்டார் என்னும் செய்தி அவ்வாறு படிப்போருக்குத் தென்படுவதில்லை.

அடுத்த பிறவியில் ஆபுத்திரன் சாவக நாட்டில் மண்முக முனிவரிடம் இருந்த ஆவின் வயிற்றில் பிறக்கிறான். மகப்பேறில்லாத மன்னன் பூமிசந்திரன் அவனைப் பெற்றுப் புண்ணியராசனாக வளர்க்கிறான். இங்கும் பிள்ளை பிறந்த நாட்டிலேயே வளர்கிறது. இங்கும் பிறப்பு பிள்ளைக்குத் தெரியாது. மணிமேகலையின் சொல்லால் ஐயுற்ற அவன் தன் தாய் அமரசுந்தரியிடமே சென்று கேட்கிறான். அவள் உள்ளதை உள்ளவாறு கூறுகிறாள். அவன் கலங்குகிறான், அரசைத் துறக்கவும் எண்ணுகிறான். எனினும் அவனை அந்த வீட்டிலிருந்து யாரும் அகற்றவில்லை. மணிபல்லவத்தில் தன் முற்பிறவியின் என்பைக் கண்டபின் மணிமேகலையின் அறிவுரையால் நாடு திரும்புகிறான்.

ஒரே உயிரின் இரு பிறவிகளில் சாத்தனார் ஒரே நிகழ்ச்சியை இருமுறை வைத்திருக்கிறார். முதன்முறை பகைவன் அவையில் கூறுகிறான். இரண்டாம் முறை வளர்த்த தாய் மனையில் கூறுகிறாள். விளைவு வேறுபடுவதற்கு அரசகுலம், அந்தணகுலம் என்னும் வேறுபாட்டைக் காரணமாகக் காட்டலாம். அதனினும் அறிவித்தவர் யார் என்னும் வேறுபாடே பொருத்தமாகத் தோன்றுகிறது. வினைப்பயன் கோட்பாட்டின் விளக்கமாக மட்டும் கொண்டால் அமரசுந்தரி நினைவில் தங்குவதற்கே இடமில்லை.

இராதேயன்

தென்பெண்ணை கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரிக்குள் வருகிறது. ஆற்றுக்கு எல்லையில்லை. கர்ணனைச் சுமந்த பேழையும் குந்திபோசன் நாட்டு ஆற்றில் தொடங்கி, ஆறு மாறி ஆறு மிதந்து, அங்க நாட்டின் சம்பாபுரியில் கரையேறியதாக வியாச பாரதம் கூறும். தேர்ப்பாகன் அதிரதனும் இராதையும் எடுத்து வளர்த்தனர். மகன் வளரும் இடத்தை ஒற்றர்வழிக் குந்தி அறிந்திருந்தாள் என்பதும் அந்நூல் தரும் செய்தி. ஈன்றவளுக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைக்குத் தெரியவில்லை.

படைக்கலப் பயிற்சியின் அரங்கேற்றத்தில் அங்க நாட்டு முடியைப் பெற்ற கர்ணன், முதுமையால் தளர்ந்து உள்ளே வரும் அதிரதனைக் கண்டு, முடிநீராட்டின் ஈரம் உலராத தலையைத் தாழ்த்தி வணங்குகிறான். பீமன் இகழ்கிறான். கர்ணனின் வீழ்ச்சி அங்கேயே தொடங்குவதாகக் கூறுவோர் உளர். வளர்த்த தந்தையைப் பேரவையில் மறைக்காத மகன் என்னும் சிறப்பையும் அதே காட்சி தருகிறது.

உத்தியோக பருவத்தில் கண்ணன் முன்வைப்பது சட்டவாதம். மணமாகாத பெண் பெற்ற மகன், அவளை மணந்தவனுக்கே மகனாவான் என்னும் கானீன நெறிப்படி கர்ணன் பாண்டுவின் மூத்த மகன் என்கிறான். கர்ணன் அந்நெறியை மறுக்கவில்லை. தன்னைக் கண்டதும் இராதைக்கு அன்பால் பால் சுரந்தது, அவள் தன் மலசலத்தைத் துடைத்தாள், அதிரதன் பிறப்புச் சடங்குகள் செய்து வசுசேனன் எனப் பெயரிட்டான் என்று வளர்ப்பின் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். சட்டத்துக்கு எதிராக அவன் வைப்பது வேறொரு சட்டத்தையன்று, வீட்டு வேலையை. பின்னர்க் குந்தி வரும்பொழுதும் இராதேயன் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

வில்லிபுத்தூரார் இக்காட்சியில் ஒரு சோதனையைச் சேர்க்கிறார். தாயென்று பொய்சொல்லி வருவோரை எரித்துவிடும் ஆடை கர்ணனிடம் உள்ளது. முன்னர் வந்தோர் பலர் அதனால் அழிந்தனர். குந்தி உடுத்தியும் எரியாமல் நிற்கிறாள். பிறப்பைத் தேடி ஏமாந்த பிள்ளையின் நெடுங்காத்திருப்பு இவ்வொரு பொருளில் அடங்கியிருக்கிறது. கர்ணன் களத்தில் விழும்போது மடியில் ஏந்திப் பாலூட்டி மகனென்று உலகறியக் கூறுமாறு குந்தியிடம் வரம் கேட்பதும் வில்லியில் உண்டு. அவன் வேண்டுவது அரசன்று, அறிவிப்பு. ஆயினும் கண்ணனும் குந்தியும் அறிவித்தது போருக்கு முன், தத்தம் தேவைக்காக என்பது மாறவில்லை.

கூத்தில் கர்ணன்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெற்று, படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவுறும். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கலந்து வாழும் பகுதி இது. கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டுப் பம்பன், பாரதத்தில் நினைக்கத்தக்கவன் கர்ணனே என்னுமளவுக்கு அவனை உயர்த்தியவன். தெலுங்கில் உத்தியோக பருவம் திக்கனாவின் கைவண்ணம்.

தமிழ்க் கூத்தான கர்ண மோட்சம், பிறப்புச் செய்தியைப் போர்க்களத்திலிருந்து வீட்டு வாயிலுக்குக் கொண்டுவருகிறது. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். அவளோ தேரோட்டி மகனென்று அவனை இழிவாகப் பேசி முகங்கொடுக்க மறுக்கிறாள். வேறு வழியின்றிக் கர்ணன் தன் பிறப்பைத் தானே கூறுகிறான். 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ திரைப்படத்தில் மனைவியின் பெயர் சுபாங்கி. அங்கே அவள் அன்புடையவள். திரைப்படம் விட்ட இழிவைக் கூத்து விடவில்லை. பகைவன், கண்ணன், குந்தி என அயலார் கூறியதைப் பிள்ளையே கூறவேண்டிய கட்டத்துக்குக் கூத்து வந்துசேர்கிறது. அவன் கூறியபின் பொன்னுருவி அழுகிறாள். குலம் உயர்ந்தது என்று தெரிந்ததால்தானே அவ்வழுகை என்னும் கேள்வியை இங்கே தவிர்க்க இயலாது. தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால்?

தொட்டிலும் பதிவேடும்

இதே மண்ணில் பிறப்பு மறைவதற்கு அரசே வழியமைத்த வரலாறும் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. கிருஷ்ணகிரி அப்பொழுது தருமபுரியின் பகுதி; தனி மாவட்டமானது 2004இல். தொட்டிலில் இடுபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பதே திட்டத்தின் உயிர்நாடி. உயிரைக் காத்த அவ்வேற்பாடே பிறப்பின் தடத்தையும் அழித்தது. வேறெவ்வாறும் அக்குழந்தைகள் பிழைத்திருப்பது அரிது என்பதால் இதனைக் குறையாகக் கூறவும் இயலாது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மகவேற்பு, மத்திய ஆணையத்தின் நாடளாவிய இணையவழிப் பதிவின்கீழ் நடைபெறுகிறது. கிருஷ்ணகிரியில் பிறந்த பிள்ளை அத்திப்பள்ளிக்கு அப்பால் கன்னடம் பேசும் வீட்டில் வளரலாம். ஓசூரின் ஆலைகளில் பணிபுரிய வந்த வடநாட்டுக் குடும்பத்தில் இந்தி பேசியும் வளரலாம். இந்தியாவில் நிலையாக வாழும் அயல்நாட்டவரும் தம் தூதரகத்தின் தடையின்மைச் சான்றுடன் விண்ணப்பிக்க அச்சட்டத்தின் 59ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்பொழுது பிள்ளை பிறந்த நாட்டிலேயே இருக்கும், பெற்றோரே அயலவராயிருப்பர். சட்டமேதும் இல்லாத காலத்திலேயே, 1901 முதல் 1951 வரை, நெல்லைச் சீமையின் தோனாவூரில் எமி கார்மைக்கேல் அத்தகைய வாழ்வை வாழ்ந்தார். அயர்லாந்துக்காரரான அவரைப் பிள்ளைகள் அம்மா என்றழைத்தனர்.

வேர்தேடலுக்கும் மகவேற்பு விதிமுறைகள் இடமளிக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதோர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தே கேட்க வேண்டும். பிள்ளைக்காக மூன்றாமவர் தேட அனுமதியில்லை. பெற்றவரின் மறைவுரிமையும் காக்கப்படும். இளம்பூதியின் அவையில் பேசியவனைப் போன்ற மூன்றாமவருக்குச் சட்டம் வாயடைத்திருக்கிறது. வளர்த்தவரே பிள்ளையுடன் வந்து கேட்கலாம் என்னும்போது அமரசுந்தரிக்கு இடம் கொடுத்திருக்கிறது. தொட்டில் பிள்ளைக்கோ திறந்துபார்த்தால் கோப்பில் நாளும் இடமும் மட்டுமே இருக்கும்.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) திரைப்படத்தில் வளர்ப்புத் தந்தையே மகளின் ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையைக் கூறுகிறார். அங்கே ஈன்றவள் கடலுக்கு அப்பால் ஈழத்தில் இருப்பதால் தேடல் ஒரு பயணமாகிறது. கிருஷ்ணகிரிப் பிள்ளைக்குப் பயணமில்லை. ஈன்றவள் அதே பேருந்தில், அதே சந்தையில், அதே கூத்துக்களத்தின் எதிர்ப்பாயில் அமர்ந்திருக்கக்கூடும்.

கர்ணனைச் செஞ்சோற்றுக் கடனின் இலக்கியமாக ஆராய்ந்த அளவுக்கு இராதையின் மகனாகத் தமிழாய்வு ஆராயவில்லை. வியாசர் உடலின் பாலாகவும் கையின் உழைப்பாகவும் காட்டிய இராதைக்குக் களத்துக் காட்சியில் இடமில்லை. கர்ணன் விழுந்தபின் ஓடிவந்து மடியேந்திப் புலம்புபவள் குந்தியே.