மழையில் கூடாரம் அமைத்தல்

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், டில்லிப் பழைய இருப்புப்பாதைப் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டிற்று. அங்கு அபாய அளவு 205.33 மீட்டர், 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலும் நீர் 207.49 மீட்டருக்கு மேல் ஏறவில்லை. காதர் எனப்படும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வந்த குடும்பங்கள் மயூர் விஹார் முதலிய இடங்களில் சாலையோரக் கூடாரங்களில் தங்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் கைக்குழந்தை உலர்ந்த தரையில் உறங்குவது கூடாரம் அடிப்பவரின் கையில் இருக்கிறது.

மழையில் கூடாரம் சாய்வதற்குக் காற்றையே பலரும் காரணமாகக் கூறுவர். பெரும்பாலும் குற்றம் கயிற்றிலும் மண்ணிலும் உள்ளது. முறுக்கிய பருத்திக் கயிறோ சணற்கயிறோ நனைந்தால் அதன் இழைகள் பருக்கின்றன. கயிறு தடித்து, நீளத்தில் குறுகுகிறது. அதே நேரத்தில் நனைந்த வண்டல் மண் இளகி, முளையைப் பற்றும் வலிமையை இழக்கிறது. ஒன்று இழுக்க, மற்றொன்று விட்டுக்கொடுக்க, நள்ளிரவில் முளை பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே மழைக்கு முன் இக்கயிறுகளைச் சற்றே தளர்த்திவைத்தல் வேண்டும். வெயில் வந்தபின் மீண்டும் இறுக்கலாம். நைலான் கயிற்றின் இயல்பு இதற்கு மாறானது. அது நனைந்தால் நெகிழும். அதனை மழையின்போதுதான் இறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கூடாரத்தில் கலந்து கட்டுவோர் எதைத் தளர்த்துவது, எதை இறுக்குவது என்று இருட்டில் திண்டாடுவர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். முறுக்கேறிய சணற்கயிறு ஒன்றில் சிறு எடையைத் தொங்கவிட்டு, அதன் அடி நிற்கும் இடத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, கயிற்றை நனைத்தால் எடை மேலேறுவதை மாணவர் கண்ணால் காண்பர்.

முளையின் தலை கூடாரத்திற்கு அப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இளகிய மண்ணில் ஒரு முளை போதாது. பின்னால் மற்றொன்றை அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு பிணைக்கலாம். தார்ச்சாலையில் முளை இறங்காதாகையால் மணல் நிரப்பிய சாக்குகளில் கயிற்றைக் கட்டுவதே வழி.

கித்தான் துணி நனைந்ததும் நூல்கள் பருத்து இடைவெளிகள் சுருங்குகின்றன; எஞ்சிய நுண்துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை துளிகளைத் தடுத்து நிறுத்துகிறது. உட்புறத்தில் விரல் பட்டாலும் படுக்கை உராய்ந்தாலும் அவ்விடத்தில் இத்தடை முறிந்து நீர் கசியத் தொடங்கும். பெட்டி படுக்கைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைக்கச் சொல்வது இதனாலேதான்.

இடம் மேடாயிருத்தல் நன்று. மழை பெய்துகொண்டிருக்கும்போதே கூடாரம் அடிக்க நேர்ந்தால் மேல்விரிப்பை முதலில் கட்டி, அதன் நிழலில் மற்ற வேலையைச் செய்க. தரைவிரிப்பின் ஓரம் கூடாரத்திற்கு வெளியே நீண்டால் கூரைநீர் முழுவதும் அதன்வழி உள்ளே புகும். ஓரத்தை உட்புறமாக மடித்துவிடுக. சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கம் போக்குவிடுக. அப்போக்கு அடுத்த கூடாரத்தின் வாசலை நோக்கியிருத்தல் ஆகாது.