இளகட்டும், உருக வேண்டாம்

தங்கச்சி, பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், "அம்மா, ஜில்லுனு ஏதாவது குடு" என்று வந்து நிற்பார்கள். ஓவன் இல்லையே, பீட்டர் இல்லையே என்று நீ மலைக்காதே. ஒரு ஃபேமிலி பேக் வெனிலா ஐஸ்கிரீம், ஒரு பாக்கெட் மேரி பிஸ்கெட், கொஞ்சம் டூட்டி ஃப்ரூட்டி, நாலு மேங்கோ பார், நன்றாகப் பழுத்த மாம்பழம் இரண்டு. இவ்வளவு இருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். அடுப்பைப் பற்ற வைக்கிற வேலைகூட ஒன்றிரண்டு இடத்தில்தான் வரும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஃப்ரீசரைத் திறந்து பார். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் விரல் கனத்துக்குப் பனி ஏறியிருந்தால், அது போர்வை மாதிரி நடுவில் நின்று குளிரைப் பொருளுக்குப் போகவிடாது. முந்தின நாளே டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திக் கரைத்துவிடு. பிறகு குளிர் குமிழை உச்சத்துக்குத் திருப்பி ராத்திரி முழுக்க விடு. ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். பால் பாக்கெட்டுக்கு வைத்திருக்கிற அளவுக் குளிர் போதாது. ஃப்ரீசரில் மீன் இருந்தால் அந்த வாரம் சமைத்துத் தீர்த்துவிடு. பால் கொழுப்பு பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும். வஞ்சிரம் வாசத்தில் வெனிலாவை யார் சாப்பிடுவார்கள்?

வாங்கும்போது டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. 'ஐஸ்கிரீம்' என்று போட்டிருந்தால் அது பால் கொழுப்பில் செய்தது. நம் நாட்டு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று சின்ன எழுத்தில் இருந்தால் தாவர எண்ணெய்க் கொழுப்பு. அதைச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கிற காசுக்கு எது கிடைக்கிறது என்று தெரிந்து வாங்கு, அவ்வளவுதான். இந்த வேலைக்கெல்லாம் வெனிலா போதும். பட்டர்ஸ்காட்ச், பிளாக் கரன்ட் என்று போனால் நீ சேர்க்கிற பழம் எடுபடாது.

இனி சொல்வதுதான் முக்கியம். ஐஸ்கிரீம் இளக வேண்டும், உருகக் கூடாது. அதற்குள் பொடிப் பொடியாகக் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. முழுக்க உருகினால் அந்தக் காற்று போய்விடும். திரும்ப உறைய வைத்தால் நறநறவென்று ஐஸ் கட்டிதான் கிடைக்கும். மே மாத வெயிலில் டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தால் ஓரமெல்லாம் பாயசமாகவும் நடு பாறையாகவும் ஆகிவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 15 முதல் 20 நிமிடம் வை. கரண்டி அழுத்தினால் இறங்க வேண்டும். சாய்த்தால் வழியக் கூடாது. அதுதான் பதம். கரண்ட் போய் மொத்தமும் உருகிவிட்டது என்று வை, மறுபடி உறைய வைக்காதே. சுவை போவது மட்டுமல்ல, உருகின பால் சாமானில் கிருமி வளரும், உறைய வைத்தால் சாகாது. இன்னும் ஜில்லென்று இருந்தால் உடனே பாலோடு அடித்து மில்க் ஷேக்காகக் கொடுத்துவிடு. வெதுவெதுப்பாகிவிட்டதென்றால் காசைப் பார்க்காமல் கொட்டு.

முதலில் பிஸ்கெட் சாண்ட்விச். எல்லோரும் செய்கிற மாதிரி ஒரு பிஸ்கெட் மேல் கரண்டியால் ஐஸ்கிரீம் வைத்து இன்னொன்றை மூடி அழுத்தாதே. பிஸ்கெட் உடையும், நாலு பக்கமும் பிதுங்கும். ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரி. இளகின ஐஸ்கிரீமை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பு. டூட்டி ஃப்ரூட்டியைத் தூவி, மேலே இன்னொரு பேப்பரை ஒட்டினாற்போல மூடி, மூன்று நாலு மணி நேரம் ஃப்ரீசரில் விடு. மேரி பிஸ்கெட்டையும் ஒரு டப்பாவில் போட்டு அதே ஃப்ரீசரில் வை. சூடான பிஸ்கெட்டில் ஐஸ்கிரீம் வைத்தால் அந்த நொடியே அடி உருகிவிடும். ஐஸ்கிரீம் பலகையாக இறுகியதும் பிஸ்கெட் அளவு வாயுள்ள டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி வட்டம் வட்டமாக எடுத்து நடுவில் வை. மிச்சம் விழுகிற துண்டுகளுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதே. சதுர பிஸ்கெட்டாக இருந்தால் கத்தியாலேயே வெட்டலாம், சேதமே இல்லை.

ஓரத்தை எதில் உருட்டலாம்? என் ஓட்டு கடலை மிட்டாய்க்கு. கோவில்பட்டி மிட்டாயை உரலில் இரண்டு தட்டு தட்டி, பொடியும் துண்டுமாக ஒரு தட்டில் கொட்டி அதில் உருட்டி எடு. வெல்லமும் வேர்க்கடலையும் வெனிலாவோடு சேருகிற ருசி எந்த விலை உயர்ந்த நட்ஸிலும் வராது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி வை. அன்றைக்கே சாப்பிட்டால் பிஸ்கெட் கடக்கென்று இருக்கும். மறுநாள் ஈரம் இழுத்துக் கேக் பதத்துக்கு வந்துவிடும். எனக்கு மறுநாள்தான் பிடிக்கும்.

பழ மிட்டாய் வகைகளில் எல்லாமே ஃப்ரீசருக்கு ஒத்துவராது. தண்ணீர் அதிகமுள்ளது கல்லாகும், சர்க்கரை அதிகமுள்ளது மெதுவாக நிற்கும் என்பது பொதுக் கணக்கு. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்தது. ஃப்ரீசரிலும் பல்லுக்கு இதமாக இருக்கும். பேரீச்சையும் அப்படித்தான், கொட்டை எடுத்து நறுக்கிப் போடு. உலர் திராட்சையை அப்படியே போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். வெறும் தண்ணீரில் ஊற வைத்தாலோ அந்தத் தண்ணீரே உறைந்துவிடும். நன்னாரி சிரப்பில் அரை மணி நேரம் ஊற வைத்து வடித்துப் போட்டுப் பார், வாசமே வேறு. ஜெல்லி மிட்டாயை மட்டும் உள்ளே வைத்து உறைய விடாதே, கடித்தால் பல் தெறிக்கும். பரிமாறுகிற நேரத்தில் மேலே தூவினால் போதும்.

மேங்கோ பார்தான் இதில் ராஜா. கத்தரிக்கோலில் லேசாக எண்ணெய் தடவிக்கொண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டு. சின்ன எவர்சில்வர் டம்ளரின் உள்சுவரில் அந்தப் பட்டைகளை நெடுக்காக ஒட்டி, நடுவில் ஐஸ்கிரீமை அழுத்தி நிரப்பு. ஆறு மணி நேரம் கழித்துக் கவிழ்த்தால் மஞ்சள் கோடு போட்ட குட்டிக் கோபுரம் வரும். எடுக்க வெந்நீரெல்லாம் வேண்டாம். கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரே சுடும், அதில் டம்ளரின் வெளிப்பக்கத்தை ஒரு நொடி காட்டு. எவர்சில்வர் சீக்கிரம் குளிரும், சீக்கிரம் விடும். கண்ணாடி டம்ளரில் ஜூஸ் உறைய வைக்கிற விஷப்பரீட்சை வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கண்ணாடி விரிசல் விட்டால் துகள் எங்கே போனது என்று தேட முடியாது.

இட்லித் தட்டும் நல்ல அச்சுதான். ஓட்டை உள்ள தட்டானால் குழிகளில் க்ளிங் ஃபிலிம் விரித்துக்கொள். குழியில் ஐஸ்கிரீமை நிரப்பி இறுகியதும் இரண்டு இட்லியை முகத்தோடு முகம் ஒட்டினால் உருண்டை. நடுவில் ஒரு செர்ரியை மறைத்து வை.

அந்த உருண்டைக்குச் சாக்லேட் மேல்பூச்சு வேண்டுமா? 100 கிராம் சாக்லேட்டை, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கலக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகும், கவனம். சூடு முழுக்க ஆறியபின் ஐஸ்கிரீம் மேல் ஊற்று. கண் எதிரே ஓடாக இறுகும். மந்திரம் ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் பாட்டிலில் கட்டியாக நிற்குமே, அதே சங்கதி. செக்கு எண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும், உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கு.

பச்சைப் பழத்தில் மாம்பழத்துக்கு ஒரு சின்ன அடுப்பு வேலை உண்டு. பங்கனபள்ளி கூழை இரண்டு கரண்டி சர்க்கரையோடு பத்து நிமிடம் கிளறித் தண்ணீரைச் சுண்ட வை, ஆற வை. சாப்பாட்டு டப்பாவில் பட்டர் பேப்பர் போட்டு, ஒரு வரிசை பிஸ்கெட், அதன்மேல் ஐஸ்கிரீம், அதன்மேல் இந்தக் கூழ், மறுபடி பிஸ்கெட் என்று அடுக்கு. ராத்திரி முழுக்க விட்டு, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் துண்டு போட்டால் பிறந்தநாள் கேக்கே ரெடி. வாழைப்பழம் என்றால் தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் எடு. தோலை உரித்துவிட்டு வட்டமாக வெட்டி உறைய வைத்து, அதே சாக்லேட்டில் முக்கலாம். பூவன் புளிக்கும். தர்பூசணியை ஐஸ்கிரீமோடு சேர்க்காதே, அது முழுக்கத் தண்ணீர். அதன் இடம் குச்சி ஐஸ்.

அன்னாசியிடம் ஜாக்கிரதை. அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்து, நேரம் ஆக ஆகக் கசப்பாக்கிவிடும். துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வேக வைத்து ஆற விட்டால் அந்த நொதி செத்துவிடும், பிறகு தாராளமாகச் சேர். டின்னில் வருகிற அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதற்கு இந்தக் கவலை இல்லை. கிவிப் பழத்துக்கும் இதே எச்சரிக்கை.

திராட்சையை உறைய வைத்து அப்படியே வாயில் போடுவது பெரியவர்களுக்குச் சுகம். சின்னவளுக்கு ஐந்து வயது ஆகும்வரை முழுசாகக் கொடுக்காதே. விதையில்லாத திராட்சையை நெடுக்கில் நாலாகக் கீறிக் கொடு; முழுசாக இருந்தால் வழுக்கித் தொண்டையில் அடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கு. சுற்றிலும் உடைத்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல் உப்பு ஒரு பங்கு கலந்து கொட்டு. உப்புச் சேர்ந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கக்கூடியது, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். அந்த ஐஸைப் பிள்ளைகள் வெறுங்கையால் அள்ளாமல் பார்த்துக்கொள், தோல் புண்ணாகும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரே ஒரு சின்னத் துண்டுதான். இரண்டாவது கேட்டு உன்னைத் தாஜா செய்தால், அக்காவிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்.