அறுபதில் ஏன் உதறுகிறது? – மோட்டார் சைக்கிள் ஹேண்டில் ஆட்டமும் அதைப் போக்கும் வழியும்

(இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவர் ஒருவர்)



நம் திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் பைக்கில் சுற்றி வந்தாலும் இந்த நோய் தெரியாது. அங்கே யாரும் வேகமாகப் போக முடியாது. ஊரைத் தாண்டி திண்டிவனம் ரோட்டிலோ, வேலூர் ரோட்டிலோ, செங்கம் ரோட்டிலோ ஏறி, ஸ்பீடோமீட்டர் முள் 50-ஐத் தாண்டி 60-ஐத் தொடும்போதுதான் அது வெளியே வரும். ஹேண்டில் இடமும் வலமும் படபடவென்று உதறும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். மறுபடி 60 போனால் மறுபடி உதறும். ஆங்கிலத்தில் இதை ‘வாபிள்’ என்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் "ஹேண்டில் வெட்டுது" என்பார்கள்.

ஹேண்டில் வெட்டுவதால் கோளாறு ஹேண்டிலில்தான் இருக்கும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உதறல் தெரியும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. மேல் நட்டை டைட் வைத்துவிட்டு அனுப்புவது வைத்தியம் ஆகாது.

முன்சக்கரம் ஏன் உதறுகிறது?

அரசு ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது கவனித்திருப்பீர்கள். அதன் சிறிய சக்கரம் ஒரு வேகத்துக்கு மேல் தானாகவே இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அந்த ஜாதிதான்.

முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் 25 முதல் 28 டிகிரி வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு ‘டிரெயில்’ என்று பெயர். நாம் ஓட்டும் வண்டிகளில் ஏறக்குறைய 80 முதல் 120 மில்லிமீட்டர் இருக்கும். சக்கரம் கொஞ்சம் திரும்பினால் தரை அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசை இந்த டிரெயில் என்ற நெம்புகோலைப் பிடித்துச் சக்கரத்தை நேராக்கும். வண்டி நேராகப் போக இது பெரிய உதவி.

ஆனால் நேராக வந்த சக்கரம் அதே வேகத்தில் மறுபக்கமும் கொஞ்சம் போய்விடும். தரை மறுபடி தள்ளும். இப்படி ஊசலாட்டம் உண்டாகிறது. பேரிங் உராய்வு, டயர் ரப்பர், ஓட்டுபவரின் கைகள் ஆகியவை அந்த ஆட்டத்தை விழுங்கிவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. எங்கேயாவது லூசாகி, விழுங்கும் சக்தி குறைந்துவிட்டால் ஆட்டம் அடங்காமல் வளரும்.

நம் கோயில் மகா தேரை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஹேண்டில் கிடையாது. திருப்ப வேண்டுமானால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். திரும்பும் அச்சு இல்லாததால் அத்தனை பெரிய தேருக்கு இந்த உதறல் நோயும் கிடையாது. சுலபமாகத் திரும்பும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் இது.

இது புதிய ஆராய்ச்சி அல்ல. 1899-லேயே இங்கிலாந்தில் விப்பிள் என்ற இளைஞர் சைக்கிள் நிலையாக ஓடுவதற்கான சமன்பாடுகளை எழுதினார். 1971-ல் அதே நாட்டில் ஷார்ப் என்பவர் மோட்டார் சைக்கிளுக்கு அதைச் செய்து, அதன் ஆட்டங்களைப் பிரித்துக் காட்டினார். முன்பக்கம் மட்டும் வேகமாக உதறுவது வாபிள். முழு வண்டியும் பாம்பு போல மெதுவாக நெளிவது ‘வீவ்’. வாபிள் வினாடிக்குச் சுமார் 6 முதல் 10 தடவை. வீவ் சுமார் 2 முதல் 4 தடவை. வண்டியைப் பார்க்குமுன் ஓட்டியவரிடம், "படபடன்னு ஆடுதா, அலையலையா நெளியுதா?" என்று கேட்டாலே பாதி வேலை முடியும். படபட என்றால் முன்பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். நெளிவு என்றால் பின்பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

சரி, ஏன் சரியாக அறுபதில்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிகளில் நெடுங்காலம் வந்த முன் டயர் அளவு 2.75-18. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 600 மி.மீ. சுற்றளவு சுமார் 1.88 மீட்டர்.

மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.67 மீட்டர். இதை 1.88-ஆல் வகுத்தால் 8.9. அதாவது 60-ல் போகும்போது சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றுகிறது. 50-ல் 7.4 முறை. 70-ல் 10.3 முறை.

இப்போது மேலே சொன்ன 6 முதல் 10 என்ற எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். டயரில் ஒரு பக்கம் கனம் அதிகமிருந்தாலோ, ரிம் நெளிந்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும். தூளியை அது போய் வரும் கணக்குப் பார்த்து விரலால் தள்ளினாலே பெரிதாக ஆடுகிறதல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இது. 30-ல் தட்டு விழுந்தாலும் கணக்கு பொருந்தாது. 60-ல் பொருந்திவிடுகிறது. ஆகவே தட்டுவதையும் நிறுத்த வேண்டும், லூசையும் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் நோய் ஒளிந்துகொள்ளும், போகாது.

சுமை எங்கே இருக்கிறது?

என் அப்பா கொத்தனார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் படிப்புச் செலவு அந்த பைக்கில்தான் போய் வருகிறது. அது போன வருஷம் 55-க்கு மேல் உதற ஆரம்பித்தது. எதிரே லாரி வரும் ரோட்டில் ஹேண்டில் உதறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தினமும் வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு விஷயத்தை அப்பாவே சொன்னார்: "டைல்ஸ் பெட்டி வச்ச அன்னிக்குத்தான்டா ஜாஸ்தி ஆடுது." அதை அப்ளைடு மெக்கானிக்ஸ் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும் இடைத்தூரம் 1,230 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் கேரியரில் 40 கிலோ சுமை, பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் இருக்கிறது. பின் அச்சைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால்:

40 × 300 ÷ 1,230 = 9.8 கிலோ

அதாவது முன்சக்கரம் கிட்டத்தட்ட 10 கிலோ இலேசாகிவிடுகிறது. பின்சக்கரத்தில் 50 கிலோ கூடுகிறது. அதே சுமையைப் பின் சீட்டின் மேல், அச்சுக்கு 200 மி.மீ. முன்னால் வைத்துக் கட்டினால் முன்சக்கரத்துக்கு 6.5 கிலோ கூடுகிறது. ஒரே சுமைதான், அரை மீட்டர் தள்ளி வைத்ததில் முன்சக்கரத்துக்கு 16 கிலோ வித்தியாசம்! பால் கேன், பூ மூட்டை, காய்கறிக் கூடை கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சோதிக்கும் வரிசை

காசு செலவில்லாததை முதலில், செலவுள்ளதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

1. காற்று: வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் உள்ள அளவுதான் சரி. "பார்த்துப் போடுங்கண்ணே" என்பது அளவல்ல.

2. டயர்: உப்பல், ஒரு பக்கத் தேய்மானம், திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பது ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்கவும். ரிம் ஓரத்தில் டயர் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

3. ரிம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கவும். ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, முனை ரிம்மை ஒட்டி நிற்கச் செய்து சக்கரத்தைச் சுற்றவும். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் தட்டினால் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டொக்’ என்றால் அது லூஸ். அலாய் வீலில் கம்பி கிடையாது, ஆனால் விரிசலும் நெளிவும் உண்டு.

4. பேலன்ஸ்: பிரேக் உரசாமல் பார்த்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றி விடவும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்த இடம் கனம். அதற்கு நேர் எதிரே எடை வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

5. வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டவும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். பின்சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் புஷ்.

6. நேர்கோடு: செயின் டைட் வைக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னே பின்னே இருந்தால் பின்சக்கரம் கோணலாக ஓடும்.

7. கோன் செட்: முன்சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கவும். ‘கடக்’ என்றால் லூஸ். பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் திருப்பவும். நடுவில், நேர் நிலையில், ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போல் இருந்தால் கோனில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. இதை டைட் வைத்துச் சரிசெய்ய முடியாது. மேல், கீழ் இரண்டு செட்டையும் மாற்ற வேண்டும். அதிக டைட்டும் ஆபத்து: ஹேண்டில் தானாகத் திரும்பாமல், மெதுவாகப் போகும்போதே வண்டி அலையும்.

எங்கள் வண்டியில் கண்டது

அப்பா வண்டியை ஒரு பட்டறையில் இரண்டு முறை காட்டினார். இரண்டு முறையும் மேல் நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக ஓடும், பிறகு பழையபடி உதறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே சொன்ன வரிசையில் நாங்களே பார்த்தோம். முன் டயரில் காற்று குறைவு. ரிம், பேலன்ஸ், பேரிங், புஷ் சரியாக இருந்தன. ஆறாவதுக்கு வந்தபோது, "அப்பா, ரெண்டு சக்கரமும் நேரா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டேன். "செவுத்துக்குப் பாக்கிற மாதிரிதான்டா. நூல் புடிச்சா தெரிஞ்சிடப்போவுது" என்று சொல்லி, பையிலிருந்து கட்டுமான நூலை எடுத்தார். பின் டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் டயரை ஒட்டி முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தோம். ஹேண்டில் நேராக இருக்க, முன் டயருக்கு இரு பக்கமும் ஒரே இடைவெளி வர வேண்டும். எங்களுக்கு இடப்பக்கம் ஒரு விரல் போனது, வலப்பக்கம் நூல் டயரில் உரசியது. இருபத்தைந்து வருஷமாகச் சுவருக்கு நூல் பிடிக்கும் கை, ஒரு பார்வையிலேயே "பின்னாடி கோணல்" என்று சொல்லிவிட்டது. அலைன்மென்ட் என்று நான் நோட்டில் எழுதியதை அப்பா தினமும் செய்துகொண்டிருக்கிறார்!

கடைசியாக ஹேண்டிலைத் திருப்பினால், நடுவில் பள்ளம். எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் ஒருவர் கழற்றிக் காட்டினார். கீழ்க் கோனில் வரிசையாகக் குழிகள் விழுந்திருந்தன. நான் உடனிருக்க, புது செட் போட்டு, கிரீஸ் வைத்து, அளவாக இறுக்கினார். அதற்கான செலவு அப்பாவின் அரை நாள் கூலிக்குள் முடிந்தது. பின்சக்கரத்தை நூல் பிடித்து நேராக்கினோம். கேரியர் சுமை சீட்டுக்கு வந்தது. அதன் பிறகு இத்தனை மாதமாக உதறல் இல்லை.

ஓடும்போது உதறினால்?

சரிசெய்யும் வரை ரோட்டில் போகத்தானே வேண்டும்? இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

• பயந்து பிரேக்கை அழுத்தாதீர்கள். முன்பிரேக் ஏற்கெனவே ஆடும் சக்கரத்தின் மேல் பாரத்தைத் தள்ளும்.
• ஆக்சிலேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். வேகம் கூட்டித் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.
• ஹேண்டிலை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கையையும் விடாதீர்கள்.
• முழங்காலால் டாங்கை அணைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக் கீழே தாழ்த்துங்கள். முன்சக்கரத்துக்குப் பாரம் கிடைக்கும்.
• வேகம் குறைந்ததும் ஓரமாக நிறுத்தி, முதலில் காற்றையும் சுமையையும் பாருங்கள்.

நண்பர்களே! நாம் படிக்கும் ஒத்ததிர்வும் திருப்புத்திறனும் பரீட்சைப் பேப்பரோடு முடிந்துபோகிற விஷயங்கள் அல்ல. அவை நம் வீட்டு வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிற்கின்றன. அடுத்த செமஸ்டர் லீவில் ஒரு நூல், ஒரு பென்சில், காற்று அளக்கும் கேஜ் இவற்றோடு உங்கள் வீட்டு வண்டியை ஒருமுறை பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டு வண்டியையும் பாருங்கள். ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஹெல்மெட் போட்டு ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.