எங்கள் தக்காளிக்கு எத்தனை மூட்டை?

கெமிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்குத் தக்காளியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். உடன்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேரி நிலம் உண்டு. செம்மணல், கிணற்றுத் தண்ணீரும் லேசாக உப்பு. தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை 1975-இல் யூரியா தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டுப் பொட்டாஷ் நம் துறைமுகத்திலும் இறங்குகிறது. ஆக, உரம் நமக்குப் புதிதல்ல. எவ்வளவு போடுவது என்பதில்தான் தகராறு!

அப்பா வழக்கமாக ஏக்கருக்கு 3 மூட்டை டி.ஏ.பி. போடுவாங்க. போன வருஷம் அதற்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மண் பரிசோதனை செய்யலாமே என்றேன். "ஏல, மண்ணுக்குமா பரீட்சை?" என்று சிரிச்சாங்க.

அந்தப் பரீட்சையில் முதலில் ஃபெயில் ஆனது நான்தான். எருக்குழி ஓரத்தில் ஒரு கை மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டேன். எல்லாச் சத்தும் 'அதிகம்' என்று முடிவு வந்தது. அதை நம்பியிருந்தால் பயிர் பட்டினிதான்.

மறுபடி ஒழுங்காக எடுத்தேன். வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் பக்கம் போகக் கூடாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில், ஆங்கில 'வி' மாதிரி 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டணும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளணும். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டணும். லேபில் ஒரு சொட்டு கூடினால் டைட்ரேஷன் கெடுகிறதே, அதே கதைதான்.

இம்முறை தழைச்சத்து குறைவு, சாம்பல்சத்து நடுத்தரம். மணிச்சத்தோ ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டி 'அதிகம்'. வருஷக்கணக்காகப் போட்ட டி.ஏ.பி. மண்ணிலேயே கிடக்கிறது!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி ரகங்களுக்குச் சொல்லும் அளவு, ஏக்கர் கணக்கில் தழை 60, மணி 40, சாம்பல் 20 கிலோ. மண்ணில் குறைவு என்றால் கால் பங்கு கூட்டணும். அதிகம் என்றால் கால் பங்கு கழிக்கணும். ஆக 75, 30, 20. டி.ஏ.பி.யில் மணி 46 சதம் என்பதால் 65 கிலோ போதும். அதிலேயே தழையும் 12 கிலோ கிடைத்துவிடும். மீதி 63-க்கு யூரியா 137 கிலோ. மூட்டைக் கணக்கு போடுகிறவர்கள் கவனிக்கவும், யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான். மணலில் தழைச்சத்து நீரோடு இறங்கிவிடும். அதனால் யூரியாவை மொத்தமாகக் கொட்டாமல் நடவுக்கு 55 கிலோ, முப்பதாம் நாள் மீதி.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆச்சு. இந்த வருஷம் கம்மல் அம்மா காதில்தான் இருக்கிறது. ஆனால் சில பழங்களில் அடிப்பாகம் கறுப்பது நிற்கவில்லை. அது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. உப்புத் தண்ணீரும் காரணமாகலாம். பொங்கல் லீவில் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோகணும்.